முப்பது வயதுப் பென்ஸ் கண்ணாடி மாதிரி இருக்கிறதென்றால்

வாசகர் கேள்வி:

"ஐயா, என்னுடைய ஊர் திருக்கோவில். கட்டாரில் ஒன்பது வருடம் நின்றுவிட்டுப் போன சித்திரையில் ஊருக்கு வந்தேன். அப்பா அந்தக் காலத்தில் ஒரு டொக்டருக்குப் பென்ஸ் கார் ஓட்டினவர். அவரைச் சொந்தப் பென்ஸில் ஏற்றி மாமாங்கப் பிள்ளையாருக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது என்னுடைய நெடுநாள் ஆசை. மட்டக்களப்பில் ஒரு புரோக்கர் 1995ஆம் ஆண்டு ஈ200 ஒன்று காட்டினார். சில்வர் கலர், கண்ணாடி மாதிரி இருக்கிறது. மீற்றரில் 1,12,000 கிலோமீற்றர். கொழும்பில் ஒரு டொக்டர் பாவித்ததாம். காரின் பதிவுப் புத்தகம் இன்னும் அவர் பெயரில்தான், ஓபன் பேப்பரில் தருகிறார்கள். 55 இலட்சம் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் 5 இலட்சம் அட்வான்ஸ் கட்டாவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுமாம். எடுக்கலாமா? இல்லையென்றால் கொஞ்சம் புதிய பென்ஸோ பிஎம்டபிள்யூ ஈ46ஓ பார்க்கட்டா? ஏமாறாமல் இருக்க என்ன செய்யவேண்டும்?"

பதில்:

தம்பி, வெள்ளிக்கிழமை காசு கட்டவேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும். கல்லடியில் 27 வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். "வேறு ஆள் நிற்குது" என்று அவசரப்படுத்தி விற்ற கார்களில் எத்தனையோ பிறகு என்னுடைய வாசலுக்குத்தான் இழுபட்டு வந்திருக்கின்றன. நல்ல காரை வைத்திருக்கிறவர் நாலு நாள் பொறுப்பார். நீங்கள் ஆறுதலாகப் பார்த்தால் பிழை பிடித்துவிடுவீர்கள் என்று தெரிந்தவர்தான் கிழமையும் நாளும் வைத்து விரட்டுவார்.

காலமும் அப்படி. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்களுக்குப் பவுண் விலை. உடைத்துச் சாமானாக விற்கவேண்டிய கார்களுக்குக்கூடப் பட்டி பூசி, பெயின்ற் அடித்து, சந்தையில் நிறுத்தினார்கள். இறக்குமதி திறந்த பிறகும் வரியைக் கூட்டிப் பார்த்தால் புதிய பென்ஸ் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. அதனால் பழசுக்கு இன்னும் கிராக்கி குறையவில்லை.

நீங்கள் கேட்ட அந்த மாடல் நல்ல மாடல்தான். டபிள்யூ124 என்று சொல்லுகிற அந்த உடம்பு, பென்ஸ்காரன் செலவைப் பார்க்காமல் கட்டின கடைசிக் கார்களில் ஒன்று. அப்பாவுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. என்னுடைய பயம் மாடலில் இல்லை. உங்களுடைய கடிதத்தில் இருக்கிற மூன்று சொல்லில் இருக்கிறது. ஓபன் பேப்பர், 1,12,000, கண்ணாடி மாதிரி.

ஓபன் பேப்பரை எடுங்கள். டொக்டர் விற்கும்போது பெயர் மாற்றும் படிவத்தில் தன்னுடைய கையெழுத்தை வைத்து, அடையாள அட்டைப் பிரதியும் கொடுத்திருப்பார். வாங்கினவர் தன்னுடைய பெயரை எழுதாமல் அப்படியே வைத்து அடுத்தவருக்கு விற்பார். அவர் இன்னொருவருக்கு. இப்படி நாலு கை மாறினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கணக்கில் கார் இன்னும் டொக்டருடையது. நடுவில் இருந்த நாலு பேரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் காரை ஈடு வைத்திருக்கலாம், காரால் ஆளை மோதிவிட்டுப் பொலிஸில் வழக்கு இருக்கலாம். டொக்டர் இப்போது உயிரோடு இல்லையென்றால் அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு நீங்கள் அவருடைய பிள்ளைகளின் வீட்டு வாசலில் நிற்கவேண்டி வரும்.

ஆகவே காரைப் பார்க்கமுன் புத்தகத்தைப் பாருங்கள். புத்தகத்தில் பதிவு உரிமையாளர் என்று ஓரிடமும், முழு உரிமையாளர் என்று இன்னோரிடமும் இருக்கும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனியின் பெயரோ வங்கியின் பெயரோ இருந்தால், அந்தக் கடன் முடிந்த கடிதம் கைக்கு வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். புரோக்கர் காட்டுகிற போட்டோப் பிரதியை நம்பவேண்டாம். திணைக்களத்தில் கட்டணம் கட்டி, எக்ஸ்ட்ராக்ட் என்று சொல்லுகிற பதிவேட்டுப் பிரதியை நீங்களே எடுங்கள். சொகுசு வாகன வரி என்று வருடாந்தம் ஒரு வரி இருந்தது. அந்தக் காருக்கு அது விழுந்து, கட்டாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றப் போகும்போது உங்களிடம்தான் ரசீது கேட்பார்கள். அதையும் முதலே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பிறகு டொக்டரைத் தேடிப் பிடியுங்கள். புரோக்கர் தருகிற நம்பரில் வேண்டாம். புத்தகத்தில் இருக்கிற விலாசத்தை வைத்து நீங்களாகத் தேடுங்கள். கொழும்பில் தெரிந்தவர் யாரையாவது அந்த வீட்டுக்கு அனுப்பினாலும் சரி. அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வருடம் கொடுத்தீர்கள், கொடுக்கும்போது மீற்றரில் எவ்வளவு இருந்தது, என்ன நிறம். அந்த மூன்று பதிலிலும் பாதி ஏமாற்று வெளிக்கும். "நான் கொடுத்த கார் கருநீலம்" என்று டொக்டர் ஒருவர் சொல்லி, வாங்கப் போனவர் தப்பின சம்பவம் எனக்குத் தெரியும்.

நிறத்தைக் காரிடமே கேட்கலாம். அந்த மாடலில் பொனட்டைத் திறந்தால் முன்பக்கம் றேடியேற்றருக்கு மேலே இருக்கிற குறுக்குச் சட்டத்தில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். அதில் பெயின்ற் இலக்கம் அடித்திருக்கும். 744 என்றால் பிறந்ததே சில்வர். 904 என்றால் கருநீலம். தகடே இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். எஞ்சினுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே நிற்கிற சுவர்த் தகட்டில் சாசி இலக்கம் குத்தியிருக்கும். 17 எழுத்தும் இலக்கமும். டபிள்யூ டி பி என்று தொடங்கி அடுத்த மூன்றும் 1, 2, 4 என்று வரவேண்டும். துணியால் துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள், பெருவிரலால் தடவுங்கள். இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் மேடோ, உராய்ஞ்சின அடையாளமோ, அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ற்றோ இருந்தால் பொனட்டை மூடிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அதற்கு விலை பேசக்கூடாது. ஒரு காரின் இலக்கத்தை வெட்டி இன்னொரு காரில் ஒட்டுகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கார் என்றைக்காவது பிடிபட்டால் காரும் போகும், நீங்கள் பொலிஸுக்கும் கோட்டுக்கும் அலையவேண்டும்.

இனி அந்த 1,12,000. முப்பது வருடத்தால் பிரித்துப் பாருங்கள். வருடத்துக்கு 3,700 சொச்சம், நாளுக்குப் பத்துக் கிலோமீற்றர். கொழும்பில் வீடும் ஆஸ்பத்திரியும் கிளினிக்குமாக ஓடின டொக்டருக்கு அது காணுமா? காணலாம், நடக்காத விசயமில்லை. ஆனால் அப்படி ஓடின காரில் பிறேக் பெடலின் இறப்பர் வரிகள் தேயாமல் இருக்கவேண்டும். ஸ்டியரிங்கின் தோல், கை பிடிக்கிற இடத்தில் மினுங்கக்கூடாது. றைவர் சீற்றின் வெளி விளிம்பு நசிந்திருக்கக்கூடாது. அந்த மாடலில் மீற்றர் இலக்கங்கள் உருளையில் சுழலுகிறவை; ஆள் கை வைத்திருந்தால் ஒரு இலக்கம் மற்றதைவிட மயிரிழை ஏறி இறங்கி நிற்கும். பெடல் இறப்பர் புத்தம் புதிதாக மாற்றியிருந்தால் அதுவும் ஒரு பதில்தான். எனக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடின, ஒயில் மாற்றின ரசீதுத் துண்டுகள் ஒழுங்காக இருக்கிற கார் வந்தால் சந்தோசமாக எடுத்துக் கொடுப்பேன். ஓடின தூரத்தால் பென்ஸ் சாகாது. மீற்றரைச் சுற்றினவர் வேறு எதையெல்லாம் மறைத்தார் என்பதுதான் பயம்.

கண்ணாடி மாதிரி என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எங்களுடைய கரையில் ஜன்னல் கம்பியே ஐந்து வருடத்தில் உப்புப் பூக்கிறது. கார் இங்கே எத்தனை நாள் நின்றது என்றும் தெரியாது. முப்பது வருடத் தகடு கண்ணாடி மாதிரி மின்னினால், கிட்டடியில் யாரோ பெயின்ற் அடித்திருக்கிறார்கள். அடித்தது பிழையில்லை, அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. கதவைத் திறந்து இறப்பர் பீடிங்கை மெல்ல விலக்கிப் பாருங்கள், பெயின்ற் தூவல் படிந்திருக்கும். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிச் சில்லு வளைவிலும் கதவில் பிளாஸ்ரிக் பலகைக்கு மேலே இருக்கிற தகட்டிலும் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பக்கவாட்டில் ஜக் போடுகிற இடங்களில் பிளாஸ்ரிக் மூடி இருக்கும், நாலையும் கழற்றிப் பாருங்கள். கறள் முதலில் குடியிருக்கிற இடம் அது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2013இல் என்னுடைய மச்சானுக்கு ஒரு பென்ஸ் நான்தான் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். டபிள்யூ124க்கு அடுத்து வந்த டபிள்யூ210, 1998ஆம் ஆண்டுக் கார். அடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். கறள் பிடிக்காமல் அடியில் பூசுகிற கறுப்பு அண்டர்சீல் புதிதாக, பளபளவென்று பூசியிருந்தது. நல்லாப் பராமரித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வாங்கி ஏழாம் மாதம், ஓந்தாச்சிமடத்தடியில் வளைவு எடுக்கும்போது முன்பக்கம் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். இடது பக்கம் அப்படியே குந்திவிட்டது. உள்ளே என்னுடைய தங்கச்சியும் இரண்டு பிள்ளைகளும். முன்னால் மாட்டுக்கூட்டம் நின்றதால் மெதுவாக வந்திருக்கிறார்கள், அதனால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

கராஜுக்குக் கொண்டுவந்து ஸ்குறூ றைவரால் அந்த அண்டர்சீலை உரித்தேன். தோல் மாதிரிக் கழன்று வந்தது. உள்ளே ஸ்பிரிங் வந்து முட்டுகிற கிண்ணம், பொட்டு வெல்டிங்கில் உள்தகட்டோடு ஒட்டியிருக்கவேண்டியது, கறள் அடுக்கடுக்காகப் பிரிந்து, கைவிரலால் தள்ள உள்ளே போனது. அதற்கு மேலே வலைத்துணி வைத்துப் பட்டி பூசி, அதற்கு மேலேதான் அந்தக் கறுப்பு. அந்த மாடலுக்கு அந்த இடம் பேர்போன பலவீனம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பூச்சைப் பார்த்து விட்டுவிட்டேன். விற்றவர் படித்தவர், மரியாதையாகக் கதைத்தவர். செலவை நான் ஏற்றேன். தங்கச்சி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் நோகிறது. அதற்குப் பிறகு புதுப் பூச்சுப் பூசின அடியை உரித்துப் பார்க்க விடாத காரை நான் ஒருவருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை. "கொஞ்சம் புதிய பென்ஸ்" என்று நீங்கள் கேட்டதற்கும் இதுதான் பதில். 1996 தொடக்கம் 2002 வரைக்குமான டபிள்யூ210ஐ, கடற்கரையில் வீடு இருக்கிற உங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

வெள்ளம் குடித்த கார்களும் சந்தையில் இருக்கின்றன. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொழும்புப் பக்கம் எத்தனை கார்கள் மூழ்கின என்று எல்லாருக்கும் தெரியும். 2024 நவம்பரில் எங்களுடைய அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் நடந்ததை நீங்கள் கட்டாரில் இருந்து பார்த்திருப்பீர்கள். சீற்பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்; வெள்ளம் பட்ட காரில் ஒவ்வொரு நாளும் வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். சீற் தண்டவாளத்தின் ஆணிகளையும், டிக்கியில் ஸ்பெயார் வீல் கிடக்கிற குழியையும் பாருங்கள். ஏறியதும் வாசனைத் திரவியம் மூக்கில் அடித்தால், காப்பெட்டைத் தூக்கி மணந்து பாருங்கள்.

எஞ்சினைக் காலையில்தான் பார்க்கவேண்டும், குளிர்ந்தபடி. முதல்நாள் இரவே புரோக்கருக்கு "ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள்" என்று சொன்னாலும், போனதும் றேடியேற்றரில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். ஸ்டார்ட் பண்ணும்போது பின்னால் ஒருவர் நிற்கட்டும். நீலப் புகை ஒரு தடவை வந்து நின்றால் வால்வு சீல், அது செய்துகொள்ளலாம். நிற்காமல் வந்தால் எஞ்சின் இறக்கவேண்டி வரும். ஒயில் மூடியின் உட்பக்கத்தில் பால்கோப்பி நுரை மாதிரி இருந்தால் தண்ணீர் கலக்கிறது.

1995 காரென்பதால் ஒரு விசயம் மறக்காமல் பார்க்கவேண்டும். 1993, 94, 95ஆம் ஆண்டுகளில் பென்ஸ்காரன் எஞ்சின் வயறிங்குக்குப் போட்ட உறை, சூட்டில் உக்கிப்போகிற சாதி. வயறிங் கட்டில் கறுப்புக் குழாய் முடிகிற இடத்தில் ஒரு வயரைப் பிடித்து மெல்ல வளையுங்கள். நல்லதென்றால் வளையும். கெட்டதென்றால் உறை அப்பளம் மாதிரி நொறுங்கி, உள்ளே செம்பு தெரியும். அந்த நிலையில் கார் ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது. கம்பிகள் ஒன்றோடொன்று முட்டினால் கம்பியூட்டர் பெட்டியும் போகும். மாற்றியிருந்தால் நல்லது, மாற்றின துண்டைக் கேளுங்கள். மாற்றவில்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேசவேண்டும்.

கியர்பொக்ஸில் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதை வைத்து நல்ல காரைப் பழுதென்று தள்ளினவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பழைய நாலு கியர் ஒட்டோமட்டிக், மெதுவாக மிதித்தால் இரண்டாம் கியரில்தான் புறப்படும். சோம்பல் மாதிரித் தெரியும், பழுதல்ல. பார்க்கவேண்டியது ரிவேர்ஸ். போட்டதும் இரண்டு எண்ணுவதற்குள் பிடிக்கவேண்டும். நாலு ஐந்து எண்ணும்வரை சும்மா நின்று பிறகு உதைத்தால் உள்ளே வேலை இருக்கிறது. கியர் ஒயில் குச்சியை இழுத்து வெள்ளைத் துணியில் துடையுங்கள். சிவப்பாக இருக்கவேண்டும், கருகின மணம் இருக்கக்கூடாது.

ஏசியை மத்தியானம் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்களுடைய ஊரில் ஏசி இல்லாத பென்ஸ் அடுப்புத்தான். "காஸ் அடித்தால் சரி" என்று சொல்வார்கள். உள்ளே இருக்கிற கூலிங் கொயில் ஓட்டையென்றால் காஸ் ஒரு மாதம் நிற்காது, அதை மாற்ற இந்த மாடலில் டாஷ்போர்ட் முழுக்க இறக்கவேண்டும். சாமானின் விலையைவிடக் கூலி கூடும்.

ஈ46ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட நல்ல கார். ஆனால் தண்ணீர்ப் போத்தல், றேடியேற்றர்ப் பக்கங்கள், குழாய் முனைகள் எல்லாம் பிளாஸ்ரிக். எங்களுடைய வெயிலில் வெடிக்கும். வெடித்தது தெரியாமல் இரண்டு மைல் ஓட்டினால் எஞ்சின் ஹெட் வளையும். கூலிங் சாமான் முழுவதையும் மாற்றின துண்டு இருந்தால் யோசிக்கலாம். அப்பாவுக்காக எடுக்கிறீர்கள் என்றால் பென்ஸே எடுங்கள்.

காசுக் கணக்கு. உங்களிடம் 55 இருக்கிறதென்றால் 55க்குக் கார் எடுக்கவேண்டாம். பத்துப் பன்னிரண்டைத் தனியாக வைத்துவிட்டு மிச்சத்துக்குள் பேசுங்கள். காரின் விலைதான் பழைய கார் விலை. சாமானின் விலை பென்ஸ் விலை. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்; 2217 என்றால் 2017ஆம் ஆண்டு 22ஆம் கிழமை செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் அதை மாற்றவேண்டும், நாலு டயர் அங்கேயே போய்விட்டது. சஸ்பென்ஸன் புஷ், எஞ்சின் மவுண்ட், பிறேக் டிஸ்க் என்று முதல் வருடம் கேட்டுக்கொண்டே இருக்கும். கொழும்புப் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் எல்லாம் கிடைக்கும், போலியும் கிடைக்கும். சாசி இலக்கத்தைக் கொடுத்து, பழைய சாமானைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கவேண்டும்.

எல்லாம் சரியாக வந்தால்தான் அட்வான்ஸ். அதுவும் வங்கியால், விற்கிறவருடைய பெயருக்கு. புரோக்கரின் கைக்கு வேண்டாம். "பரிசோதனையில் பிழை கண்டாலோ, பெயர் மாறாவிட்டாலோ முழுக் காசும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். மிச்சக் காசு, டொக்டர் நேரில் நின்று கையெழுத்து வைத்துப் பெயர் மாற்றப் பாரம் கொடுக்கிற அன்றைக்குத்தான். அவர் வரமாட்டார், வரத் தேவையில்லை என்று சொன்னால் இந்தக் காரை விட்டுவிடுங்கள். டபிள்யூ124 இன்னும் கிடைக்கும்.

இந்தச் சனிக்கிழமை காலை ஆறரைக்குக் காரைக் கராஜுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் ஓட்டிவந்தால் எஞ்சின் சூடாகிவிடும். நானே வருகிறேன், கார் நிற்கிற இடத்தைச் சொல்லுங்கள். பிறகு என்னுடைய லிப்டில் ஏற்றி அடியைப் பார்ப்போம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பென்ஸின் கதவு எப்படிச் சாத்தவேண்டும், குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கவேண்டும் என்று அவருடைய காதுக்குத் தெரியும். திறப்பை அவர் போடட்டும், நீங்கள் பின்னால் நின்று புகையைப் பாருங்கள், நான் பொனட்டுக்குள் பார்க்கிறேன்.